நடக்குமுன் எழுதிய செய்தி

ஜூன் 7, வெள்ளி

என் மனைவி உலகம்மாளின் நாவலுக்கான இணையவழிப் பயணம் நாளை தொடங்குகிறது. பதிப்பகத்திலிருந்து பூங்கோதை சுவரொட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஏழு ஊர்கள், பதினைந்து நாட்கள். முதலில் சென்னை, கடைசியில் டொராண்டோ. எந்த ஊருக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை. பாளையங்கோட்டை வீட்டில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தால் போதும்.

நாவலின் பெயர் ‘மூன்றாவது நிமிடம்’. ஒரு தாலுகா ஊரின் தொலைபேசி நிலையத்தில் ஊர்விட்டு ஊர் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்த பெண்களைப் பற்றியது. உலகம்மாள் அந்தத் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவள். ஆறு வருடம் அடுக்களை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். 212 பக்கம்.

நான் முப்பத்தொரு வருடம் மாவட்ட நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டிலிருந்து வெளிவரும் முதல் புத்தகம் அவள் பெயரில் வருவதில் எனக்குப் பெருமை. செய்தி வெளியிடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் முகநூல் பக்கத்தை 4,100 பேர் பின்தொடர்கிறார்கள்.

மாலையில் அவள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் அலமாரியைச் சரிசெய்து, எனக்குப் பத்திரிகையாளர் சங்கம் கொடுத்த கேடயத்தைத் தெரியும்படி வைத்தேன். அவள் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். “இது எதுக்கு? நானா வாங்குனேன்?”

ஜூன் 8, சனி

சென்னைக் கூட்டம் சிறப்பாக நடந்தது. பங்கேற்றோர் 64.

செய்தியைப் பிற்பகல் மூன்று மணிக்கே எழுதி முடித்துவிட்டேன். மாவட்ட நிருபர்களுக்கு இது புதிதல்ல. ஐந்து மணிக் கூட்டத்தின் செய்தி முதல் பதிப்பில் வரவேண்டுமானால் மூன்று மணிக்கே எழுதியாக வேண்டும். யார் தலைமை, யார் வரவேற்பு என்பது அழைப்பிதழில் இருக்கும். என்ன பேசுவார்கள் என்பதும் ஏறக்குறையத் தெரியும். பெயரும் இனிஷியலும் தப்பக்கூடாது, அவ்வளவுதான். முகநூலில் இப்போது நேரம் குறித்து வைத்துவிட்டால் அந்த நேரத்துக்கு அதுவே வெளியாகிவிடுகிறது. எங்கள் காலத்தில் இந்த வசதி இருந்திருந்தால் எத்தனை சைக்கிள் மிதிப்பு மிச்சமாகியிருக்கும்.

உலகம்மாளுக்குக் கூச்சம் இருக்கும் என்று பயந்தேன். இல்லை. முகம் தெரியாதவர்களோடு பேசித்தானே பழக்கம். ஒரே நேரத்தில் நாலு பேர் பேச ஆரம்பித்தபோது, “ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்க. கோவில்பாளையம் சார் மொதல்ல. மத்தவங்க லைன்ல இருங்க,” என்றாள். எல்லோரும் அடங்கிவிட்டார்கள். கூட்டத்தை நடத்த வந்தவர் அதன்பின் வாயே திறக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கோவை. பங்கேற்றோர் 51. தண்ணீர் மோட்டார் பழுது. நாவல் 31-ஆம் பக்கம் வரை வாசித்தேன். கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

நாவலுக்கு முதல் மதிப்புரை. மருதவாணன் என்ற விமர்சகர் தன் பக்கத்தில் எழுதியிருக்கிறார். ‘ஒரு சொல் கூட வீணில்லை. தேதி, நேரம், இடம் மூன்றும் எங்கும் பிசகவில்லை. நீண்ட நாள் செய்தி எழுதிப் பழகிய ஒரு கையின் கட்டுப்பாடு இதில் தெரிகிறது.’

இரண்டு முறை வாசித்தேன். அச்செடுத்து வைத்திருக்கிறேன். உலகம்மாளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

“செய்தி எழுதுன கையா? யாரு கை?” என்றாள்.

பொதுவாகச் சொல்லியிருக்கிறார் என்றேன்.

ஜூன் 12, புதன்

சிங்கப்பூர். பங்கேற்றோர் 77. கேள்விகள் தரமானவை. கடைசியில் ஒரு பெரியவர், “சார் பத்திரிகையில இருந்தவர்னு கேள்விப்பட்டோம். நாவலை எடிட் செஞ்சு கொடுத்தீங்களா?” என்று கேட்டார். நான் திரையில் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உலகம்மாள் என்னைப் பார்த்தாள். தலையை நீட்டி, “கொஞ்சம் பார்த்துக் கொடுத்தேன்,” என்றேன். சபையில் அடக்கத்தோடு சொல்லும் சொல்தான்.

ஜூன் 13, வியாழன்

காலையில் தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்: “என்னத்தப் பாத்துக் குடுத்திய?”

அச்சுக்குப் போகுமுன் கையெழுத்துப் பிரதிக்குப் பக்க எண் போட்டவன் நான். அதைச் சொன்னேன்.

“அதுலயும் நூத்தி நாப்பதுக்கு அப்புறம் நூத்தி அம்பதுன்னு போட்டிருந்திய. பூங்கோதை கேட்டப்புறம் நான்தான் திருத்துனேன்.”

மூன்றாவது தோசை வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

எப்படி நடந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

கோலாலம்பூர் கூட்டம் நம் நேரப்படி மாலை 4.30. செய்தியை 1.45-க்கு முடித்து, 6 மணிக்கு வெளியாகும்படி குறித்து வைத்தேன். 4.10-க்கு ஆனிக் காற்றில் தெருமுனை வேப்பமரம் மின்கம்பியின்மேல் சாய்ந்தது. டிரான்ஸ்பார்மர் வெடித்தது. இணையம் போயிற்று. சிறிது நேரத்தில் இரண்டு செல்போனிலும் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு சிக்னல் தேடிப் போனேன். வழியெல்லாம் முறிந்த கிளைகள். போலீஸ் வேறு பாதையில் திருப்பிவிட்டார்கள். சமாதானபுரம் தாண்டிப் பெட்ரோல் பங்க் அருகே 6.12-க்கு அவள் போனில் இரண்டு கோடு வந்தது.

அவள் கூட்ட அமைப்பாளரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். ஒலிபெருக்கி போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“அம்மா, எதுக்கு மன்னிப்பு? கூட்டம் சிறப்பா நடந்துச்சுன்னு சார் போட்டுட்டாரு லா!”

ஆறு மணிக்கு அது வெளியாகியிருந்தது. ‘எண்பதுக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஏற்புரை வழங்கிய உலகம்மாள், “நான் ஒட்டுக்கேட்டவள் அல்ல, காலம் என் செவியில் ஓதியதைக் காகிதத்தில் இறக்கி வைத்தவள்” என்று குறிப்பிட்டபோது அரங்கம் அதிர்ந்தது.’ வெற்றுத்திரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தவர்கள் எல்லோரும் இதை வாசித்தார்கள்.

உலகம்மாளும் அங்கேயே வாசித்தாள். பெட்ரோல் போட வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“காலம் என் செவியில் ஓதியது,” என்று ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, “நான் என்னைக்காவது இப்படிப் பேசிக் கேட்டிருக்கியளா?”

வீடு வரும்வரை ஸ்கூட்டரில் என் தோளைப் பிடிக்கவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 17, திங்கள்

பதிவை நீக்கிவிட்டேன். ஆனால் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். நேற்றிரவே அது நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் பகிரப்பட்டிருந்தது. மருதவாணன் எழுதியிருப்பது: ‘அந்த அம்மா பேசாத பேச்சை எழுதியவர் யார் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் நாவல்? “பார்த்துக் கொடுத்தேன்” என்று அவரே சிங்கப்பூரில் சொல்லியிருக்கிறாரே.’

பதினொரு மணிக்குத் திருத்தம் வெளியிட்டேன். என் முப்பத்தொரு வருடத்தில் முதல் திருத்தம். நான்கு முறை அடித்து எழுதி, ஒரு சொல் மிகையில்லாமல் அமைத்தேன். தேதி, நேரம், இடம், வருத்தம். பன்னிரண்டு மணிக்கு முதல் கருத்து வந்தது: ‘என்ன சிக்கனம்! நாவலின் அதே நடை!’ மாலைக்குள் அதற்கு 214 பேர் விருப்பக்குறி இட்டுவிட்டார்கள்.

உலகம்மாள் தன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மாலையில் அடுக்களை மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

ஜூன் 18, செவ்வாய்

இன்றைய கூட்டத்தையும் வியாழக்கிழமைக் கூட்டத்தையும் அந்தந்த ஊர்க்காரர்கள் ‘வேறொரு தேதிக்கு’ மாற்றியிருக்கிறார்கள். தேதி சொல்லவில்லை. மிச்சம் இருப்பது டொராண்டோ மட்டும். அங்கே ஒருங்கிணைப்பவர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாகக் கனடாவில் இருக்கிறார். காலையில் என் எண்ணுக்கே அழைத்தார்.

“ஐயா, குறை நினைக்கக்கூடாது. எங்கட ஆக்கள் கேக்கினம், இந்தப் புத்தகத்தை எழுதினது ஆரெண்டு. மருதவாணனும் சனிக்கிழமை வாறார். அம்மா மட்டும் வந்து கதைச்சாக் காணாது. நீங்களும் வரவேணும். நேர கேப்பம்.”

வருகிறேன் என்றேன். அறிக்கை ஒன்று தயாரித்து வாசிக்கிறேன் என்றும் சொன்னேன்.

“ஐயோ, அது வேண்டாம் ஐயா,” என்றார்.

போனை வைத்த பிறகு நாவலை எடுத்தேன். 31-ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியபடி இருந்தது. புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. பழைய கண்ணாடியே போதுமானதாக இருந்தது. காலை 9.40-க்குத் தொடங்கி மாலை 5.20-க்கு முடித்தேன். மதியம் சாப்பிடவில்லை.

பதினான்காம் அத்தியாயம் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

1987. அந்தத் தாலுகா ஊரில் புதுப் பேருந்து நிலையத்தை அமைச்சர் திறக்கிறார். மாலை ஐந்து மணி விழா. நிருபர் ஒருவன் மூன்றே காலுக்கே தபால் ஆபீஸ் போனிலிருந்து மதுரைப் பத்திரிகை அலுவலகத்துக்குப் பிரஸ் கால் கேட்கிறான். அமைச்சர் திறந்து வைத்தார், ஐயாயிரம் பேர் திரண்டனர் என்று அவன் கையில் செய்தி தயார். ஆபரேட்டர் கனகத்துக்கு இன்னொரு லைனில் கேட்டது வேறு: அமைச்சர் பாதி வழியில் சென்னைக்குத் திரும்பிவிட்டார், விழா ரத்து. அதைச் சொன்னால் அவள் கேட்டது தெரிந்துவிடும். கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தவள். எனவே “மதுரை லைன் கெடைக்கல சார்” என்கிறாள். ஐந்து முறை. எழுபது நிமிடம். நிருபன் அவளை ஏசுகிறான். விழா ரத்து என்ற செய்தி ஊருக்கு வந்ததும், பொய்ச் செய்தி போகாமல் தப்பித்த தன் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொள்கிறான். மறுநாள் அவள்மேல் புகார் எழுதிப் போடுகிறான். அவளுக்கு மெமோ வருகிறது. வருடாந்தரச் சம்பள உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போகிறது. அவள் காரணம் சொல்லவில்லை.

அத்தியாயத்தில் உள்ள விவரங்கள் சரி. நான் எழுதிய புகாரில் இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தேன். நாவலில் ஒரு இடம் என்று வந்திருக்கிறது. மற்றபடி பிழையில்லை.

கனகமாக வரும் அந்த ஆபரேட்டரின் நிஜப் பெயரை எனக்கு முதன்முதலில் தெரியப்படுத்தியது, என் புகாருக்குத் துறையிலிருந்து வந்த பதில் கடிதம்தான். இரண்டு வருடம் கழித்து அதே பெயரில் ஒரு ஜாதகம் வந்தது.

ஜூன் 19, புதன்

எதுவும் எழுதவில்லை. மோட்டாருக்கு ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனார்.

ஜூன் 20, வியாழன்

கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் உட்கார்ந்தேன்.

“பதினாலு வாசிச்சேன்,” என்றேன்.

“அப்படியா.” கத்தி நிற்கவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுத்தான வேலைக்குச் சேந்தோம்.”

“நீ ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு.”

“அதான் எழுதிட்டம்லா. மேசை மேலதான் கெடந்துச்சு. பக்க நம்பர் போடும்போது ஒரு வரி கண்ணுல பட்டிருக்கும்னு நெனச்சேன்.”

கொஞ்ச நேரம் நானும் காய் எடுத்து நுனி கிள்ளினேன். மெமோ வந்த பிறகும் என்னை ஏன் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள் என்று கேட்டேன். முப்பத்தைந்து வருடத்தில் கேட்காத கேள்வி.

“தெனமும் சாயங்காலம் உங்க கால்தான். பேரு, இனிஷியலு எல்லாம் ரெண்டு ரெண்டு தடவை சொல்லுவிய. செத்தவங்க பேருன்னா மூணு தடவை. இந்த மனுசன் பேரத் தப்பா எழுதமாட்டாருன்னு தோணிச்சு.” காயை அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள். “இப்ப எம் பேருதான் போயிட்டு இருக்கு.”

சனிக்கிழமை நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“சொல்லுங்க. ஆனா எழுதி வச்சுக்கிட்டு வரக்கூடாது. ஒரு துண்டுச் சீட்டு கூட. எழுதிட்டு வந்தா அதையும் நாவல்ல சேத்துருவானுவ.”

ஜூன் 22, சனி

டொராண்டோ. நம் நேரம் மாலை 7.30, அங்கே காலை பத்து. பங்கேற்றோர் 143. மூன்று முறை எண்ணினேன்.

சிவநேசன் வரவேற்றுவிட்டு நேராக என்னிடம் வந்தார். கையில் தாள் இல்லாமல் நான் கூட்டத்தில் பேசியதே இல்லை. என்ன பேசினேன் என்பதை நினைவிலிருந்து எழுதுகிறேன். சொற்கள் அப்படியே இருக்காது.

“என் பேர் சங்கரபாண்டியன். முப்பத்தொரு வருஷம் நிருபரா இருந்தேன். கூட்டம் நடக்குமுன்னயே செய்தி எழுதுறது எனக்குப் பழக்கம். நூறு தடவைக்கு மேல செஞ்சிருக்கேன். கோலாலம்பூர் செய்தியும் அப்படித்தான். அந்தப் பேச்சு என்னோடது. உலகம்மா அப்படிப் பேசமாட்டா. சிங்கப்பூர்ல பார்த்துக் கொடுத்தேன்னு சொன்னது பொய். பக்க எண் போட்டேன். அதுவும் தப்பாப் போட்டேன். இந்த நாவலை நான் வாசிச்சு முடிச்சதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சு இருபதுக்குத்தான்.”

ஒரு வீட்டில் குழந்தை அழுதது. உலகம்மாள் பழக்கத்தில் “யாரோ லைன்ல குறுக்க வாறாங்க” என்றாள்.

மருதவாணன் கை உயர்த்தினார். எதிர்பார்த்ததைவிட இளையவர். மெலிந்த முகம். “சார், நீங்க பெருந்தன்மையா விட்டுக்கொடுக்கறீங்கன்னு ஏன் எடுத்துக்கக்கூடாது?”

“பதினாலாம் அத்தியாயம் வாசிச்சீங்களா?” என்றேன்.

“வாசிச்சேன். அந்த நிருபர்...”

“அது நான். புகார் எழுதினது நான். என்னைக் காப்பாத்தத்தான் லைன் கிடைக்கலன்னு சொன்னாங்கங்கிறது முப்பத்தேழு வருஷமா எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணை எப்படித் தம்பி எழுதுவேன்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு உலகம்மாளிடம் திரும்பி, இந்த முறை ‘அம்மா’ என்று கூப்பிட்டுக் கேட்டார். “அந்த எழுபது நிமிஷத்துல, அமைச்சர் வரலன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?”

உலகம்மாள் யோசிக்கவில்லை. “சொல்லியிருந்தா அதையும் உடனே செய்தியாப் போட்டிருப்பார். எனக்கு வேலை போயிருக்கும்.”

முதலில் சிரித்தது சிவநேசன். பிறகு திரை முழுக்கச் சிரிப்பு. பலர் ஒலியை அடைத்து வைத்திருந்ததால் வாய் மட்டும் தெரிந்தது. மருதவாணன் ஒலியைத் திறந்து வைத்துக்கொண்டே சிரித்தார்.

“காணும் ஐயா, காணும்,” என்று போதும் எனக் கையமர்த்தினார் சிவநேசன். “நாவல் கதைக்கிற மாதிரியே அம்மா கதைக்கிறா. நீங்கள் வேற மாதிரி.” பிறகு அவளிடம், “அம்மா, இனி நீங்கள் கதையுங்கோ. நாங்கள் கேட்டுக்கொண்டு இருக்கிறம்.”

நான் நாற்காலியைப் பின்னால் இழுத்துத் திரையைவிட்டு வெளியே வந்தேன். அவள் பேச ஆரம்பித்தாள். மூன்று நிமிடம் முடிந்ததும் பேச்சை வெட்டச் சொல்லும் விதி பற்றி, ஒரு சாவுச் செய்தியை வெட்ட முடியாமல் ஒன்பது நிமிடம் விட்ட நாளைப் பற்றி. இவ்வளவையும் அவள் இத்தனை வருடம் வைத்துக்கொண்டு எனக்கு ரசம் ஊற்றியிருக்கிறாள். குறிப்பேட்டை மடியில் வைத்திருந்தேன். பங்கேற்றோர் 143 என்பதைத் தவிர அதில் ஒன்றும் எழுதவில்லை.

9.05-க்கு முடிந்தது. கூட்டம் நின்றுபோன மூன்று ஊர்க்காரர்களும் அவள் எண்ணுக்கே அழைத்துப் புதிய தேதிகள் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

கூட்டத்தின் பதிவு யூடியூபில் வந்துவிட்டது. மருதவாணன் தன் பழைய குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றிக் கேலி. இரண்டு பேர் குழுவிலிருந்து என்னை நீக்கச் சொல்லியிருக்கிறார்கள். ‘தொழில் ரகசியத்தைச் சபையில் சொன்னவன்.’

காலை எட்டரைக்குத் தாவீது அழைத்தான். என்னோடு இருபது வருடம் வேலை பார்த்த புகைப்படக்காரன்.

“ஏ சங்கரபாண்டி, ராத்திரியே போன்ல புத்தகத்த வாங்கி வாசிச்சுட்டம்டே. பதினாலாவதுல வாறானே, ஒரு கிறுக்கன். லைன் குடுக்கலன்னு ஆபரேட்டர் பிள்ளைமேல புகார் எழுதிப் போடுவானே. அது நீதானா?”

உலகம்மாள் கூடத்தில் உட்கார்ந்து, யாருக்கோ கையெழுத்திட்டு அனுப்ப வேண்டிய பிரதியைத் திறந்து வைத்திருந்தாள். பேனா நின்றது.

“நான்தான்,” என்றேன்.

“என்னது? சரியாக் கேக்கல.”

“நான்தாம்டே,” என்றேன், கூடம் வரை கேட்கும்படி.